விருந்தினரின் கடிகாரம்

இரவு ஒன்றே முக்கால். ஹவ்காங்கில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம்.
கல்மேசையில் பதித்த சதுரங்கக் கட்டங்களின் மேல்
என் மடிக்கணினி. தூணோரம் தரையில்
மூன்று கால் ஊன்றிய அதிர்வுமானி,
சாம்பல் நிறம், சோற்றுப்பெட்டி அளவு.
கீழே முப்பது மீட்டர் ஆழத்தில்
ரயிலுக்காக மண்ணைத் தின்றபடி வருகிறது ஓர் எந்திரம்.

மானிக்கு ஒரு பிடிவாதம்.
பதினைந்து வருடத்துக்கு முந்தைய விண்டோஸோடு மட்டும்தான் பேசும்.
அதைச் செய்த கம்பெனி கைமாறி, மறுபடி கைமாறி,
இப்போது போனை எடுப்பவருக்கு
மாடல் எண்ணை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.
என்னிடம் இருப்பது லினக்ஸ்.
புதிது வாங்கலாமா என்று ரோஸ்லானிடம் கேட்டேன்.
"இது ஓடுதுதானே?"

ஓடத்தான் செய்கிறது.
கணினிக்குள் இன்னொரு கணினி:
இரண்டு ஜிகாபைட் நினைவகம், ஒரே ஒரு கோர்,
வலை இணைப்பு கிடையாது, கோப்பு வைக்க ஒரு மூலை.
கையேடு அதை விருந்தினர் என்கிறது.
செங்காங்கில் நான் வாடகைக்கு இருந்த அறையிலும்
சமைக்கக் கூடாது, ஏசி பத்து மணிக்கு மேல்தான்.
என்னை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

வடத்தைச் செருகுகிறேன்.
லினக்ஸுக்குத் தெரிகிறது, ஏதோ வந்திருக்கிறது;
என்னவென்று தெரியவில்லை.
பட்டியலில் ஒரு டிக்.
இங்கே அணைந்து அங்கே முளைக்கிறது மானி,
கூடவே அந்தப் பழைய 'டிடிங்'.
கூடு விட்டுக் கூடு பாய்ந்தவர் கதைகளில்
விட்டுப்போன உடலுக்கு யாராவது காவல் இருப்பார்கள்.
இங்கே வடம்கூட அசையவில்லை.
கொசு மட்டும் கடித்தது.

பிறகு வந்தது.
முதலில் காலணி வழியாக.
மேசைமேல் கோப்பிப் பையின் ரப்பர் பேண்டு நடுங்கியது,
அப்புறம்தான் திரையில் பச்சைக்கோடு எழுந்து முள்ளானது.
உச்சம் ஒன்று புள்ளி இரண்டு. ஒப்பந்தம் விடுவது ஐந்துவரை.
பாதகமில்லை என்று எழுதி முடித்திருப்பேன்,
நேரத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

விருந்தினரின் நேரம் 2:11.
என் கணினியில் 2:14.

வீட்டுக்காரனுக்கு வேலை மிஞ்சும்போது
விருந்தினருக்கு முறை வருவதில்லை.
வராத நேரத்தின் நொடிகள் உதிர்ந்துவிடும்.
உதிர்ந்தது அதற்குத் தெரியாது.
மிகத் துல்லியமாகத் தவறான நேரத்தில்
வினாடிக்கு ஆயிரம் தடவை
அது அளந்துகொண்டே இருந்தது.

லிஃப்ட் திறந்து திருமதி லாவ் வந்தார்,
இரண்டாம் மாடி, புகார்க் கடிதங்களில் ஏழு அவருடையவை.
ஒரு கையில் பள்ளிக்கூட நோட்டு, மறு கையில் கண்ணாடித் தம்ளர்,
விளிம்புக்கு ஒரு விரல் கீழே தண்ணீர்.
நோட்டைத் திருப்பிக் காட்டினார்.
சீனத்தில் இரண்டு வரி, அருகே சிறு சிறு வட்டங்கள்,
தண்ணீரில் எழுந்த வளையங்களாம்.
நேரம் 2:16.
"சமையலறைக் கடிகாரம்" என்றார் மலாயில்,
"எப்பவும் கொஞ்சம் முந்தும். பஸ்ஸைத் தவற விடாமல் இருக்க."

நிலம் ஒரே ஒரு முறைதான் அசைந்தது.
அறிக்கைப் படிவத்தில் நேரத்துக்கு ஒரே ஒரு கட்டம்.
இன்னும் இரண்டு கட்டம் சேர்த்தேன்:
விருந்தினர். கணினி. திருமதி லாவ்.
ரோஸ்லான் காலையில் இரண்டை அழித்துவிடுவார்.
எந்த இரண்டை என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

விருந்தினரை அணைக்கவில்லை, நிறுத்தி வைத்தேன்.
நாளை இரவு எழுப்பும்போது
அதற்கு இந்த நிமிடமே தொடரும்;
இடையில் ஒரு பகல் போனதென்று
நான்தான் கையால் திருத்திச் சொல்லவேண்டும்.

வடத்தைச் சுருட்டினேன்.
திருமதி லாவ் அந்தத் தம்ளரைக்
கொஞ்சநேரம் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார்.
பிறகு சாட்சியை மடமடவென்று குடித்துவிட்டு
லிஃப்டை நோக்கி நடந்தார்.